செல்லை நச்சு கொல்கிறதா, செல் தானே சாகிறதா?

தாவர நோயியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

1970-ல் அமெரிக்க மக்காச்சோளத்தைக் கருக்கிய பூஞ்சையின் டி-நச்சு எனக்குப் புரிகிறது. டெக்சாஸ் ஆண்மலட்டு வகையின் (வளமான மகரந்தம் தராத மக்காச்சோளம்) மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் யுஆர்எஃப்13 புரதத்தோடு ஒட்டி, உட்சவ்வில் ஓட்டை போடுகிறது. ஆற்றல் உற்பத்தி படுத்துவிடுகிறது.

கோதுமையைத் தாக்கும் பூஞ்சையின் நச்சுப் புரதமான டாக்ஸ்-ஏ தான் குழப்புகிறது. அதற்கு ஆளாக்கும் கோதுமையின் டிஎஸ்என்1 மரபணு பார்க்க நோயெதிர்ப்பு மரபணு மாதிரியே இருக்கிறது, ஆனால் அது உள்ள செடிதான் கருகுகிறது! (ஓட்ஸில் விக்டோரின் என்ற பூஞ்சை நச்சு செய்வதும் கிட்டத்தட்ட இதே கூத்துதான்.)

டாக்ஸ்-ஏ சுரக்கும் பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஊசி மாட்டாத சிரிஞ்சால் கோதுமை இலைக்குள் செலுத்தினேன். மூன்றாம் நாள் அந்த இடம் மட்டும் பழுப்பேறிக் காகிதமாகக் காய்ந்துவிட்டது. இலைத்துண்டு ஊறிய நீரின் மின்கடத்துதிறனும் ஏறியிருந்தது, அதாவது செல்லுக்குள் இருந்த உப்புகள் வெளியே கசிந்திருக்கின்றன. சவ்வு கசிந்ததால் செல் செத்ததா, சாகத் தொடங்கிய பிறகு கசிந்ததா? பிரித்தறிய எந்தச் சோதனை, எத்தனை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.