ஆடிக் காற்றில் ராமநாதபுரம் கரையில் தூண்டில்: எந்தக் கடல், என்ன சாமான்?

பரமக்குடி_பைக்:
வணக்கம். ஆடிக் கடைசியில் மூன்று பேர், இரண்டு ராத்திரி வேட்டைக்குக் கிளம்பலாம் என்று பேச்சு. வேட்டை என்றதுமே ஊர்ப் பெருசுகள் முயல், கௌதாரி என்று ஆரம்பித்துவிட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு கண்ணி வைத்தாலே கேஸ், அது வேண்டாம். கரையில் நின்று தூண்டில் மட்டும்தான். கையில் இருப்பது 8 அடி ராடு இரண்டு, 3000 சைஸ் ரீல், 0.35 தங்கூசி (நைலான் நூல்), சந்தையில் வாங்கிய கலப்புத் தூண்டில் முள் ஒரு பாக்கெட். தனுஷ்கோடி போகலாமா, கீழக்கரைப் பக்கமா? வள்ளக்காரர் யாரையாவது பிடித்துத் தீவு ஓரம் போய்ப் போட முடியுமா? பிடித்த மீன் கெடாமல் பரமக்குடி வந்து சேர வேண்டும், வீட்டில் பதில் சொல்லணும்.

வடகடல்:
முதலில் காற்றைப் பாருங்கள், இடம் தானாக முடிவாகும். ஆடியில் கச்சானும் (மேல்காற்று) சோழகமும் (தென்காற்று) மாறி மாறி அடிக்கும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கிற குந்துகால், வேதாளை, சீனியப்பா தர்கா, கீழக்கரை, சேதுக்கரை எல்லாமே அப்போது காற்றின் முகத்தில் இருக்கும். அலை மணலைக் கிளப்பித் தண்ணீரைக் கலக்கிவிடும், ஈயம் ஓர் இடத்தில் நிற்காது, இழுக்கும்போதெல்லாம் முள்ளில் பாசிதான் வரும். அதே நாளில் மண்டபம் வடக்கு, பாம்பன் வடகரை, ஓலைக்குடா, தேவிபட்டினம் என்று வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் வந்தால் காற்று முதுகில் விழும். தண்ணீர் தெளிந்து கிடக்கும், வீசுகிற தூரமும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கியதும் கதை தலைகீழ், அப்போது தென்கடல்தான் சாது. மாசி, பங்குனியில் இரண்டும் படுத்துக் கிடக்கும்.

முதுகுக் காற்றில் ஒரு வில்லங்கம் உண்டு. கரையோரம் அலையே இருக்காது, அதை நம்பித் தெர்மாகோல் தெப்பத்திலோ டியூபிலோ ஏறினால் காற்று வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும், கையால் துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. தொடை ஆழத்துக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். ஏதாவது ஆனால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் இப்போதே போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடி ராத்திரி வேட்டைக்கு ஒத்துவராது. சாயங்காலத்துக்கு மேல் வெளி ஆட்களை அங்கே இருக்க விடுவதில்லை, அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீவாடு (நீரோட்டம்) இழுக்கிற இழுப்பும் வேறு.

தீவை மறந்துவிடுங்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவும் 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வனத்துறை கேஸ். மீனவர் அடையாள அட்டை இல்லாத ஆளை ஏற்றிப்போனால் வள்ளக்காரருக்கும் தலைவலி. கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

நாள் பார்ப்பதானால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு கடுமையாக இருக்கும், லேசான ஈயம் உருண்டுகொண்டே போகும். அட்டமி, நவமி பக்கம் தளர்ந்துவிடும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு அதுதான் தோது. ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஏத்தத்தின் (தண்ணீர் ஏறுவது) கடைசி இரண்டு மணி நேரமும் வத்தம் (தண்ணீர் வடிவது) தொடங்குகிற முதல் ஒரு மணி நேரமும் கரைக்கு நல்லது. வடகடல் ஆழம் குறைந்த கடல், வத்தத்தில் கரையோரம் முழங்கால் தண்ணீர்தான் மிஞ்சும்.

தங்கூசி:
வடகடல் அண்ணன் சொன்ன இடம் சரி. சாமானுக்கு நான் வருகிறேன்.

கலப்பு முள் பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க. முள் நல்லதா என்று பார்க்க நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் குத்தி நின்றால் சரி, வழுக்கிக்கொண்டு போனால் மீன் வாயிலும் அப்படித்தான் வழுக்கும். கிழங்கானுக்கு 6 அல்லது 8 நம்பர், விளமீன், சின்னக் கலவா, பாறைக்கு 1/0. இரண்டு சைஸ் போதும், ஒவ்வொரு சைஸிலும் 20 முள் வைத்துக்கொள்ளுங்கள், நூலையே கடித்து வெட்டும் பேத்தை மீன் இருக்கிற கடல்.

ஒரு ராடில் 0.35 தங்கூசியே இருக்கட்டும், அதை அடித்தூண்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீல் நூலில் சுழலி கட்டி, அதிலிருந்து 0.50 தங்கூசி 80 சென்டிமீட்டர். அதன் அடியில் ஈயம். ஈயத்துக்கு மேலே 30 சென்டிமீட்டரில் ஒரு கிளை எடுத்து 25 சென்டிமீட்டர் நீளத்தில் முள். ஈயத்தை நேராகக் கட்டாமல் நடுவில் ஒரு சாண் 0.30 நூல் கொடுங்கள். ஈயம் கல்லில் மாட்டினால் அந்த மெல்லிய நூல் மட்டும் அறும், முள்ளும் மீனும் உங்களிடம் வந்துவிடும். ஆனால் முழு வேகத்தில் வீசினாலும் அதுவேதான் அறும், ஈயம் கவண்கல் மாதிரி பறக்கும். நிதானமாக வீசுங்கள், பக்கத்திலோ எதிரிலோ ஆள் நிற்கக் கூடாது. ஈயம் 30 முதல் 40 கிராம். ராடின் அடித்தண்டில் எத்தனை கிராம் தாங்கும் என்று எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் தங்கூசி சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும்.

இரை: உரித்த இறாலை விடக் கணவாய்த் துண்டு முள்ளில் நின்று பிடிக்கும். விரல் அகலத்தில் நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையில் மட்டும் இரண்டு தடவை குத்துங்கள், மீதி வால் மாதிரி ஆட வேண்டும். உருட்டித் திணித்தால் தண்ணீரில் சுழன்று கிளையை முறுக்கிவிடும்.

இரை சுத்தமாக வெட்டுப்பட்டு, முள்ளுக்கு மேல் நூல் பிசிறடித்து வந்தால் அது பேத்தையின் வேலை. அங்கே நின்று முள்ளைத் தாரை வார்க்காமல் ஐம்பது, நூறு மீட்டர் தள்ளிப் போங்கள். பேத்தை மாட்டினால் விட்டுவிடுங்கள். அதன் விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

இரண்டாவது ராடுக்கு 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்) 150 மீட்டர் போடுங்கள். அது கணவாய்க்கு.

பரமக்குடி_பைக்:
ரொம்ப நன்றி அண்ணே. கணவாய்க்குத் தங்கூசியே போதாதா, பிரெய்டு எதுக்கு? செலவு யோசனைதான்.

தங்கூசி:
தங்கூசி ரப்பர் மாதிரி நீளும் தம்பி. ராடைச் சுண்டினால் பாதிச் சுண்டல் நூலிலேயே தீர்ந்துவிடும், தூரத்தில் கிடக்கிற எகி (கணவாய்க்கான இறால் வடிவப் போலி இரை) அசையவே அசையாது. பிரெய்டு நீளாது. ஆனால் பிரெய்டு கல்லில் உரசினால் கத்தி பட்ட மாதிரி அறும், அதனால் நுனியில் ஒன்றரை மீட்டர் 0.35 தங்கூசி லீடராகச் சேர்க்க வேண்டும். இரட்டை யூனி முடிச்சுப் போடுங்கள், பிரெய்டுப் பக்கம் 8 சுற்று, தங்கூசிப் பக்கம் 5. பிரெய்டில் சுற்று குறைந்தால் வழுக்கிக் கழன்றுவிடும்.

எகி 2.5-ல் இரண்டு, 3.0-ல் இரண்டு. 3.0 சுமார் 15 கிராம், ஒரு மீட்டர் இறங்க 3 நொடி ஆகும். வடகடலில் கடற்புல் மேல்தான் கணவாய் திரியும். இரண்டு மீட்டர் தண்ணீர் என்றால் வீசியதும் 5 எண்ணுங்கள், முள்ளில் புல் வந்தால் அடுத்த தடவை 4. இரண்டு சுண்டு சுண்டி, நூலை லேசாக விறைப்பாக வைத்துக்கொண்டு இறங்க விடுங்கள். இறங்கும்போதுதான் பிடிக்கும். மீன் மாதிரி வெடுக்கென்று இழுக்காது, ஈரத்துணி மாட்டினது மாதிரி கனக்கும். ஓங்கி இழுத்தால் கணவாய் தன் கை பிய்ந்துகொண்டு ஓடிவிடும். எகி முள்ளில் கழலாமல் தடுக்கும் எதிர்முள் கிடையாது, நூல் தளர்ந்தாலும் போச்சு. ரீலின் டிராகை (நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) தளர்த்தி வைத்து ஒரே சீராகச் சுற்றுங்கள். கரைக்கு வந்ததும் தூக்காமல் தண்ணீரிலேயே ஒரு தடவை மை கக்க விடுங்கள். மை சட்டையில் பட்டால் போகாது.

ஐஸ்பெட்டி:
மீனைக் கொண்டுபோகிற விஷயத்தை யாரும் தொடவில்லை. மீனுக்குச் சம எடை ஐஸ், ஆடி வெயிலில் அதுதான் குறைந்தபட்சம். 5 கிலோ மீன் எதிர்பார்த்தால் 25 லிட்டர் பெட்டியில் 6 கிலோ உடைத்த ஐஸ். மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனியில் சாயங்காலமே வாங்கிவிடுங்கள். பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, குடலை எடுத்துவிட்டு வையுங்கள். கடல்தண்ணீர் ஒரு பங்கு, ஐஸ் இரண்டு பங்கு கலந்த குழம்பில் முதல் அரை மணி நேரம் போட்டால் சீக்கிரம் குளிரும். வெறும் கட்டி ஐஸில் மேல்பாகம் மட்டும்தான் குளிரும். பயணத்தில் தண்ணீரை வடித்துவிட்டு, ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்குங்கள். கணவாயை மட்டும் பையில் கட்டி வையுங்கள். உருகின நல்ல தண்ணீர் பட்டால் தோல் வெளுத்துக் கொழகொழ என்றாகிவிடும்.

சாளை, கும்பளா, சூரை மாதிரி மீன் கிடைத்தால் நிமிஷம் தாமதிக்காதீர்கள். வெயிலில் கிடந்தால் அதில் உண்டாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. முகம் சிவந்து தடிப்பு வரும்.

வடகடல்:
ஒன்று விட்டுப்போச்சு. ராத்திரி டார்ச்சோடு கரையில் அலைந்தால் மரைன் போலீஸ் கேட்பார்கள், கடத்தல் நடக்கிற கரை இது. ஆதாரை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் வெளிச்சம் பட்டுக் கடல் அட்டை தெரியும், வேடிக்கைக்குக்கூடக் கையில் எடுக்க வேண்டாம். 2001-லிருந்து தடை, கையில் இருந்தால் ஜாமீன் தேடி அலைய வேண்டியதுதான். கடல்குதிரை, ஆமை எல்லாம் அதே கணக்கு.

பரமக்குடி_பைக்:
ஓரா மீன் மாட்டினால் எப்படிக் கழட்டுவது? அதன் முள் கடுக்கும் என்கிறார்கள்.

வடகடல்:
முதுகு, வயிறு, அடித்துடுப்பு எல்லாவற்றிலும் விஷமுள். கையால் தொடாமல், தலையைத் துணியால் அழுத்திக் கட்டிங் பிளேயரால் தூண்டில் முள்ளைத் திருப்பி எடுங்கள், ஆழமாக விழுங்கியிருந்தால் நூலை வெட்டிவிடுங்கள். கெளுத்திக்கும் இதேதான். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடங்கள், திருக்கை கிடந்தால் விலகிப் போய்விடும். குத்திவிட்டால் சுண்ணாம்பு, மஞ்சள் என்று அப்பாதீர்கள். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்குள், வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். கடுப்பில் அந்தக் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். மற்ற கையை முதலில் விட்டுப் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, நெஞ்சு, வயிற்றில் குத்தியிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி. இரண்டு லிட்டர் பிளாஸ்கில் கொதி தண்ணீரும் ஒரு சின்ன வாளியும் கொண்டுபோங்கள், நள்ளிரவில் டீக்கடை தேட முடியாது.

பரமக்குடி_பைக்:
பிளாஸ்க் எழுதிக்கொண்டேன். ஓலைக்குடா, அட்டமி ராத்திரி என்று முடிவு.