கடவுளின் முத்திரை: நடுவிலுள்ள தௌ குறியை விளக்க உதவுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் மொழியில் ‘சிகில்லும் தேயி’, அதாவது ‘கடவுளின் முத்திரை’ என்று வழங்கிய மந்திர வரைபடத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஹோனோரியுஸ் என்பவரின் பெயரில் வழங்கும் ‘சபத நூல்’ என்ற இடைக்கால மந்திர நூல், மனிதன் உயிரோடிருக்கும்போதே கடவுளைக் காண்பதற்கான சாதனமாக இதைக் கூறுகிறது. மறுமைக்கு உரியதென்று திருச்சபை கருதிய காட்சியை இம்மையிலேயே நாடிய அந்தத் துணிவுதான் என்னை இதற்குள் இழுத்தது.

வெளிவட்டத்தில் கடவுளின் 72 எழுத்துப் பெயரும், உள்ளே ஏழுமுனை வடிவங்களில் ஏழு வானதூதர்களின் பெயர்களும், மையத்தில் ஐம்முனை நட்சத்திரமும் அமைந்திருக்க, அந்த நட்சத்திரத்தின் நடுவே ‘தௌ’ என்னும் எழுத்து (எபிரேய அகரவரிசையின் கடைசி எழுத்து; கிரேக்கத்தில் T வடிவம்) நிற்கிறது. எசேக்கியேல் 9:4இல் நெற்றியில் இடப்படும் அடையாளத்தைத் தௌ என்றும், அதைச் சிலுவையின் முன்குறி என்றும் கிறித்தவர்கள் வாசித்தனர். ஐந்து முனைகளைக் கிறிஸ்துவின் ஐந்து காயங்களோடு இணைக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. இவற்றைக் கொண்டு நடுவிலுள்ள தௌவை எப்படி விளக்கலாம் என்பதே என் முதல் கேள்வி.

யாத்திராகமம் 14:19–21 வசனங்கள் எபிரேயத்தில் ஒவ்வொன்றும் 72 எழுத்துகள் கொண்டவை; யூத மரபின் 72 பெயர்கள் அவற்றிலிருந்தே பிறந்தவை. முத்திரையின் இலத்தீன் எழுத்துகளுக்கும் இவற்றுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த நூல்களை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். ஆங்கிலேய அறிஞர் ஜான் டீ 1582இல் வானதூதர்களிடமிருந்து பெற்றதாகக் கூறிய திருத்தப்பட்ட வடிவத்தின் மெழுகுத் தகட்டை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தவர்கள் இருந்தால், அதன் பின்புறச் சிலுவைக் குறியையும் விவரித்து எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.