பதினேழு வருடம் நின்ற காலைப் பார்க்கப் பிடிக்கவில்லை

பட்டுப்பிரிவு:
வயது 41. ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. ஆடி, தீபாவளி என்றால் பதினொன்றும் ஆகும். இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்து நெளிந்து கிடக்கிறது. போன வாரம் தங்கச்சி மகள் அதைத் தொட்டுப் பார்த்து, "பெரியம்மா, உள்ளே புழு இருக்கா?" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில்கூடப் புடவையைக் கணுக்கால் மறைய இழுத்துவிட்டுக்கொள்கிறேன். கொலுசு பீரோவுக்குள் போய் இரண்டு வருடம். யார் யாருக்கோ புடவை மடித்துக் கொடுக்கிற கை, சொந்தக் காலுக்கு எண்ணெய் தடவ வரமாட்டேன் என்கிறது. குளிக்கும்போதும் குனிந்து பார்ப்பதில்லை. இந்தக் காலோடு எப்படித்தான் பழகுவது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தங்கச்சி, முதலில் ஒன்று. நாம் நரம்பு சுருட்டல் என்கிறோமே தவிர, அது நரம்பே இல்லை. ரத்தக்குழாய். காலில் இருந்து ரத்தத்தை மேலே ஏற்றுவதில் பெரிய பங்கு கெண்டைத் தசைக்கு. நடக்கும்போது அது பிழிந்து பிழிந்து ஏற்றும், ஏறியது இறங்காமல் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கும். அசையாமல் நின்றால் பிழிவதற்கு ஆள் இல்லை. வால்வு தளர்ந்த இடத்தில் ரத்தம் தேங்கிப் புடைக்கிறது. பரம்பரையும் ஒரு காரணம்தான். அம்மாவுக்கு இருந்ததா என்று யோசித்துப் பார்.

டாக்டரிடம் காட்டி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடு. இறுக்கமான காலுறை அவர் எழுதிக் கொடுத்தால், காலையில் வீக்கம் வருமுன் மாட்ட வேண்டும், வீங்கிய பிறகு மத்தியானம் போட்டால் அவ்வளவு பயனில்லை. எண்ணெயை மெதுவாகத் தடவு, புடைப்பை அழுத்தித் தேய்க்காதே. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய், ஒத்தடம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சுடிதார் செக்‌ஷன்:
அக்கா, நானும் உங்களைப் போலக் கடையில் நிற்கிறவள்தான், மதுரை. கடையில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கேரளாவில் 2018-லேயே. எங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கினார்கள், அதன்மேல் இப்போது பில் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது! நான் கல்லாப்பக்கம் யாரும் பார்க்காதபோது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன், இருபது தடவை. யாராவது பார்த்துவிட்டாலும், மேல் தட்டில் துணி எடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பழைய கண்டக்டர்:
எனக்கு வலது கால், தங்கச்சி. வீட்டுக்கு வந்ததும் பாயில் படுத்து, சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துப் பதினைந்து நிமிடம். முதல் நாள் பார்த்து என் வீட்டுக்காரி அலறிவிட்டாள்.

பட்டுப்பிரிவு:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கும் இருந்தது அக்கா, அவர் வயலில் நின்ற கால். நேற்று ராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவினேன். முழங்காலுக்குக் கீழே, சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பு. அது இருப்பதே மறந்துபோயிருந்தது. பித்தவெடிப்பில் எண்ணெய் சுருக்கென்றது, சரி.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், ஸ்கேனுக்கு. கொலுசையும் பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். காலையில் சுலபமாக மாட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு இறுக்குகிறது, கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன். ஸ்டூலை ஆடித் தள்ளுபடி முடிந்ததும் சூப்பர்வைசரிடம் கேட்பதாக இருக்கிறேன். மதுரைத் தங்கச்சி, அந்தச் சட்டத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா?