கோடைத் திரையிடல்: எல்லாப் படமும் போடணுமா, தேர்ந்தெடுத்த பத்து போதுமா?

கடைசிவரிசை:
ஒரு மியூசியம் கோடை சீசனுக்கு ஒரு இயக்குநரின் ரெட்ரோஸ்பெக்டிவ், அதாவது அவர் எடுத்த படங்களின் தொகுப்புத் திரையிடல், நடத்துதுன்னா, "சிறந்த பத்து"ன்னு சுருக்கக் கூடாது. முழுசாப் போடணும், வருஷ வரிசையில் போடணும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவை எடுத்துக்குங்க. 1934இல் ஒரு நாடகக் குழுவின் கதையை ஊமைப்படமா எடுத்தார். அதே கதையை 1959இல் வண்ணத்தில் மறுபடி எடுத்தார். ரெண்டிலும் ஒரு சண்டை வரும்: தெருவுக்கு இந்தப் பக்கம் குழுத் தலைவர், எதிர்ப்பக்கம் அவரோட காதலி, நடுவில் கொட்டும் மழை. முதல் படத்தில் குரல் கிடையாது, முகமும் எழுத்து அட்டையும்தான். ரெண்டாவதில் மழை இரையுது, அவள் கையில் சிவப்புக் குடை. 25 வருஷமா ஒரு மனுஷர் அதே மழையை மனசில் வெச்சிருந்திருக்கார். பத்துப் பட லிஸ்ட்டில் 1959 படத்துக்கு இடம் கிடைக்கலாம். 1934 படம் அநேகமா வெளியேதான் நிக்கும்.

ஒளிக்கற்றை:
உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் தேர்ந்தெடுப்பதுதானே க்யூரேட்டரின், அதாவது நிகழ்ச்சியை அமைப்பவரின், வேலை? கையிருப்பை எல்லாம் கொண்டுவந்து கொட்டுவதற்குக் கிடங்கு போதும். நியூயார்க்கின் நவீன கலை மியூசியமான மோமாவில் 1935இல் ஃபிலிம் லைப்ரரி தொடங்கியபோது அதன் க்யூரேட்டர் ஐரிஸ் பாரி படங்களைத் தேர்ந்து தொகுத்துத்தான் கல்லூரிகளுக்கு அனுப்பினார். விடுமுறையில் முதல்முறையாக உள்ளே வருகிற ஒருவர், அந்த இயக்குநரின் தடுமாற்றமான மூன்றாவது படத்தில் மாட்டிக்கொண்டால் மறுபடி வரமாட்டார். ஒரே படம் ஊரை அசைத்ததும் உண்டு. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலில் திரை கண்டது அதே மோமாவில்தான், 1955 மே மாதம்.

கடைசிவரிசை:
அந்த உதாரணம் என் கட்சிக்குத்தாங்க சாட்சி சொல்லுது! 1955 மே மாசம் ராய் யாருன்னு யாருக்குத் தெரியும்? இந்தியாவிலேயே ஆகஸ்டில்தான் ரிலீஸ். இந்தியத் துணிகள், அலங்காரக் கலைகள் பற்றிய கண்காட்சியை ஒட்டி, சப்டைட்டில்கூட இல்லாமல் போட்டாங்க. "தெரிஞ்ச பெயர், தேறின படம்" என்று வடிகட்டியிருந்தா அது உள்ளேயே வந்திருக்காது. பாரிஸில் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தை நடத்தின ஹென்றி லாங்லுவா நல்லது கெட்டதுன்னு பிரிக்காமல் சேர்த்தார், பிரிக்காமல் போட்டார். அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தவங்கதான் பின்னாடி பெரிய இயக்குநர்களான த்ரூஃபோ, கோதார் எல்லாம்.

ஒளிக்கற்றை:
சரி, ராய் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அது துணிச்சலான தேர்வு. ஆனாலும் தேர்வுதான். த்ரூஃபோ அனேகமாக நாள் தவறாமல் போனவர். கோடையில் வருகிறவர்களுக்கு இரண்டு மாலை ஒதுக்க முடிந்தாலே பெரிது.

"டிஜிட்டல் வேண்டாம், எல்லாமே ஃபிலிம் பிரிண்டில்" என்ற பிடிவாதமும் இதோடு சேர்ந்தே வருகிறது. பழைய வண்ண பிரிண்ட் ஒன்றை இப்படித்தான் பார்த்தேன். நீலச்சாயமும் மஞ்சள்சாயமும் போய், வானம், புல், நாயகியின் முகம் எல்லாமே ஒரே ரோஸ் நிறம். ஒளிப்பதிவாளர் பாடுபட்டு வைத்த வண்ணம் அதில் எங்கே இருந்தது? 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் ராயின் அபு வரிசை மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் லேப் தீயில் சிக்கின. எஞ்சியதை இத்தாலியின் போலோன்யாவில் சுத்தம் செய்து, ஸ்கேன் எடுத்து, கிடைக்காத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து சேர்த்து, 2015இல் அதே மோமாவில் போட்டார்கள். டிஜிட்டல் இல்லையென்றால் அது நடந்திருக்குமா?

ரீல்பெட்டி:
நான் ப்ரொஜெக்டர் ஓட்டினவன், குறுக்கே வந்து சொல்றேன். 35 எம்எம்ல ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் போனா நிமிஷத்துக்கு 90 அடி. 2000 அடி ரீல் 22 நிமிஷத்துல காலி. அதனால ரெண்டு மிஷின் வேணும். திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி வந்தா அடுத்த மிஷின் மோட்டாரைப் போடணும், அடுத்த புள்ளியில மாத்தணும். கண்ணை எடுக்க முடியாது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பிரிண்ட் கொஞ்சம் தேயும், ரீல் ஆரம்பத்துலயும் முடிவுலயும்தான் கீறல் ஜாஸ்தி. பெட்டியைத் திறந்ததும் புளிச்ச காடி வாசனை வந்தா ஃபிலிமோட அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அதை நான் மிஷின்ல ஏத்தமாட்டேன்.

என் கருத்து: நல்ல கறுப்பு-வெள்ளை பிரிண்ட் இருந்தா ஃபிலிம்லதான் போடணும். சாயம் போன வண்ணப் படம்னா டிஜிட்டல். எது எதுல ஓடுதுன்னு நிகழ்ச்சி நிரல்ல தெளிவா அச்சடிக்கணும். அப்புறம், ஊமைப்படத்தை 24ல ஓட்டாதீங்க, தயவுசெய்து. மெதுவா எடுத்த படமா இருந்தா மனுஷங்க குதிச்சுக் குதிச்சு ஓடுவாங்க.

கடைசிவரிசை:
அண்ணா, டிஜிட்டல் விஷயத்தில் உங்க பேச்சை ஏத்துக்கறேன். ரோஸ் வானத்துக்காக நான் சண்டை போடமாட்டேன். ஆனா முழுசாப் போடணும்கிறதில் மாற்றமில்லை. பிரபலமான படத்தைத் தேடிப் பிடிச்சு வீட்டிலேயே பார்த்துடலாம். அந்த மூணாவது படத்தை இருட்டு ஹாலில் பத்துப் பேரோடயாவது பார்க்க வேற எங்கே போறது?

ஒளிக்கற்றை:
அதைப் பகல் காட்சியாக வையுங்கள், எதிர்க்கமாட்டேன். மாலைக் காட்சியும் முன்பக்க அறிவிப்பும் தேர்ந்தெடுத்த படங்களுக்கே இருக்கட்டும்.

கடைசிவரிசை:
பகல் காட்சிக்குத் தள்ளினா வேலைக்குப் போறவங்க யாருமே பார்க்க முடியாது. வருஷ வரிசையும் உடைஞ்சு போகும்.

புதுமழை:
இதுவரை நான் ஒரு ரெட்ரோஸ்பெக்டிவும் பார்த்ததில்லைங்க. அந்த ரெண்டு ஓசு படங்களையும் ஒரே நாளில் போட்டா எதை முதலில் பார்க்கட்டும்?

கடைசிவரிசை:
1934. சத்தமே இல்லாத அந்த மழையை முதலில் பாருங்கம்மா.

ஒளிக்கற்றை:
1959. சிவப்புக் குடையைப் பார்த்தபின் நீங்களே 1934ஐத் தேடிப் போவீர்கள்.