நீட் தேர்வுக்குப் புத்தகம் வாங்கிய அனுபவம்

கல்லிடைக்குறிச்சி வாசகர்:

என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் நீட் தேர்வை இரண்டாம் முறை எழுத முடிவு செய்தபோது, நான் பாளையங்கோட்டைக்குச் சென்று, இருந்தவற்றிலேயே தடிமனான இயற்பியல் வழிகாட்டி ஒன்றை வாங்கி வந்தேன். "அண்ணாச்சி, பிள்ளை எந்த மீடியம்?" என்று கடைக்காரர் கேட்டார். "நல்லாப் படிக்கிற பிள்ளைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

தேர்வு முடிந்து பல மாதங்கள் கழித்து, அலமாரியை ஒதுக்கும்போது அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல் பரிமாணம், இடப்பெயர்ச்சி, முடுக்கம் என்று பொடி எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். சில வரிகளில் ஆங்கிலத்தைவிடத் தமிழே அதிகமாக இருந்தது. 43ஆம் பக்கத்தோடு அந்த எழுத்து நின்றுவிட்டது. அதற்கப்பால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, கை படாமல் இருந்தன. புரியவில்லை என்று அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

பாளையங்கோட்டை வேதியியல் ஆசிரியர்:

தமிழ் வழியே தடை என்பதுபோல் மேலே எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2017 முதல் இத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். வினாத்தாளில் ஒவ்வொரு வினாவும் இரு மொழியிலும் அச்சாகியிருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், கலைச்சொற்களை இரு மொழியிலும் அறிந்திருப்பது அவசியம். ஆகவே உங்கள் மகள் பென்சிலால் செய்தது சரியான வேலைதான். அதை அவள் செய்திருக்க வேண்டிய இடம், மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் ஆங்கிலப் பாடநூல். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 180 வினாக்களில் 90 உயிரியலுக்கு உரியவை. அந்தப் பாடநூலை வரி விடாமல் படித்து முடிக்காத மாணவருக்கு வழிகாட்டி நூல் எதற்கு? தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் தேர்வில், நான்கு புத்தகங்களை அரைகுறையாகப் புரட்டியவரைவிட ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தவரே துணிந்து விடையளிப்பார். அரசுப் பாடநூலைத் தமிழில் படித்துக் கருத்தைத் தெளிவாக்கிக்கொண்டு, அதே பாடத்தை உடனே என்.சி.இ.ஆர்.டி.யில் படிக்கச் சொல்லுங்கள்.

பதிப்பாண்டையும் பாருங்கள். 2024 தேர்வுக்கான பாடத்திட்டத்தில் பல பாடங்கள் நீக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் ஒரு மாணவன் பழைய வழிகாட்டியோடு வந்து, பலபடிகள், திட நிலைமை என்ற இரு வேதியியல் பாடங்களைப் பத்து நாள் படித்ததாகக் குறிப்பேட்டைக் காட்டினான். இரண்டுமே நீக்கப்பட்டவை. அந்தக் குறிப்பேட்டின் அழகான கையெழுத்து இன்றும் கண்ணில் நிற்கிறது.

சங்கரன்கோவில் தாய்:

பழைய பதிப்பை வாங்காதீர்கள் என்று ஆசிரியர் ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் புதிதாக வாங்கக் கையில் பணம் வேண்டும். நாங்கள் முந்தைய ஆண்டு வினாக்களின் தொகுப்பைப் பாதி விலைக்குப் பழையதாகத்தான் வாங்கினோம். வீட்டில் எழுதிப் பார்த்த ஒவ்வொரு முறையும் மகன் 500க்கு மேல் எடுத்தான். நான் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். பயிற்சி மையத்தில் எழுதியபோது 290தான் வந்தது. அன்றிரவு புத்தகத்தை விளக்கருகே வைத்துப் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் சரியான விடைகளுக்குப் பக்கத்தில் பேனாவால் சிறு புள்ளி இட்டிருந்தார். என் மகன் ஏமாற்றவில்லை. அவனுடைய கண் தானாகவே அங்கே போயிருக்கிறது. பேனா மை என்பதால் அழிக்கவும் வழியில்லை. நாள்காட்டித் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, இருவரும் விடிய விடிய அந்தப் புள்ளிகளின் மேல் ஒட்டினோம்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்:

ஆசிரியர் ஐயா, தமிழ் வழியை நான் குறை சொல்லவில்லை. கடைக்காரர் கேட்ட கேள்வியை வீட்டிற்கு வந்தாவது மகளிடம் நான் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம். உங்கள் பதிலைப் படித்த பிறகு, அந்த 43ஆம் பக்கத்தை அவளிடம் காட்டிக் காரணம் கேட்டேன். "விலை கூடின புக்குப்பா, அதான் சொல்லலை" என்றாள்.