பனைக்கு வைரம், அதாவது மரத்தின் கெட்டிப் பகுதி, ஏன் வெளியே இருக்கிறது?

நாற்சார்வீட்டுக்காரி எழுதியது:

அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம், நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டின நாற்சார் வீடு. அம்மம்மாவின் கலியாணத்துக்கு முதல் கட்டியது என்பதால் எப்படிப் பார்த்தாலும் 80 வருடத்துக்குக் குறையாது. போன மாரிக்கு முற்றத்துத் தாழ்வாரம் ஒழுகத் தொடங்கியது. ஓட்டைக் கழற்றிப் பார்த்தால் கீழே ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டங்கள், எங்கள் பேச்சில் சிலாகைகள், இரண்டு விதம்.

ஒன்று கட்டியபோது போட்டது. கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு. தச்சர் ஆணி அடித்துப் பார்த்தார், ஆணிதான் வளைந்தது. மற்றது 1996இல், யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா அவசரத்துக்குப் போட்டது. அப்போது அந்தப் பக்கத்துக்குக் கூரையே இருக்கவில்லை. அதுவும் பனைதான். விரலால் அமத்தினால் ஒடியல் மா மாதிரிக் கொட்டுகிறது. போட்டு ஐந்தாறு வருடத்திலேயே உளுக்கத் தொடங்கிவிட்டது, அப்பா ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வைத்திருந்தார் என்று அம்மா சொல்கிறா.

இது இப்படியிருக்க, மதிலோரம் மின்கம்பிக்கு மேல் சாய்ந்து நின்ற பனை ஒன்றை அனுமதி எடுத்துப் போன மாதம் தறித்தோம். அடியிலிருந்து ஒரு சாண் தடிப்பில் வட்டத் துண்டு ஒன்றை வெட்டித் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். பட்டைப் பக்கம் மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம். அதற்குள்ளே கறுப்புப் புள்ளிகள் ஐதாகிக் கொண்டே போய், நடுவில் ஈரத் தும்பு மாதிரி வெளிறிய ஒரு சாமான். நகத்தால் கிள்ளலாம். ஒரு கிழமை வெயிலில் வைத்தேன், நடுப்பகுதி சுருங்கிக் குழி விழுந்துவிட்டது.

கிணற்றடியில் பழைய வேப்பங்குற்றி ஒன்று கிடக்கிறது. அது நேர்மாறு: நடு சிவப்பாக இரும்பு மாதிரி, வெளிப்பக்கம்தான் அரித்துப் போயிருக்கிறது.

தச்சரைக் கேட்டேன். "பிள்ளை, பனைக்கு வைரம் வெளியாலை. உள்ளுக்கை சோறு" என்றார். ஏன் அப்படி என்றேன். "அது அப்பிடித்தான்" என்றார்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவள், "அது அப்பிடித்தான்" என்றால் நித்திரை வராது. வயது பார்க்கலாம் என்று வளையம் எண்ணிப் பார்த்தேன், ஒரு வளையமும் இல்லை. பனைக்கு என்ன நடக்கிறது? அதோடு, தறித்த பனையைத் தாழ்வாரத்துக்குப் போடலாமா, இல்லை அதுவும் அப்பாவின் சிலாகை மாதிரித்தான் போகுமா?

பழைய பயோ வாத்தியார் எழுதியது:

பிள்ளை, அந்த வட்டத் துண்டை எறிந்துவிட வேண்டாம். 30 வருடம் வகுப்பில் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினேன். இப்படி ஒரு துண்டு கையில் இருந்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

வேம்பிலிருந்து தொடங்குவோம். வேம்பின் பட்டைக்குச் சற்று உள்ளே மாறிழையம் என்று ஒரு மெல்லிய படை தண்டைச் சுற்றி இருக்கிறது. அது உட்பக்கமாகக் காழையும் (தண்ணீர் ஏற்றும் மரப்பகுதி) வெளிப்பக்கமாக உரியத்தையும் (உணவு இறக்கும் பகுதி) உண்டாக்கிக் கொண்டே இருக்கும். அதனால் மரம் பருக்கும். நடுவில் இருப்பது வயதில் மூத்தது. அந்தக் கலங்கள் செத்து, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் ஆகாத கசப்புப் பொருட்கள் படிந்து, நிறம் மாறி வைரமாகும். வெளியே இருப்பது இளசு, தண்ணீர் ஏற்றுகிற வேலையில் இருக்கிறது. அதுதான் வெளிறு. குற்றியில் முதலில் அரித்துப்போவதும் அதுதான்.

பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு மாறிழையம் கிடையாது. ஆகவே வயது காட்டும் வளையமும் கிடையாது. நீங்கள் காணும் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கலன்கட்டு. தண்ணீர் ஏறும் குழாயும் உணவு இறங்கும் குழாயும் ஒன்றாக, பக்கத்தில் தடித்த நார் ஒரு தொப்பி மாதிரிக் கவிழ்ந்திருக்கும். அந்தத் தொப்பிதான் கறுப்பாகத் தெரிவது. விளக்குமாறு ஒன்றைக் கட்டி, ஈர்க்குகளுக்கு இடையில் களியை ஊற்றி இறுகவிட்டால் எப்படி இருக்கும், பனந்தண்டு அதுதான். ஓரத்தில் ஈர்க்கு நெருக்கம், நடுவில் களி கூட. அந்தக் களிதான் தச்சர் சொன்ன சோறு. மெல்லிய சுவருள்ள கலங்கள், தண்ணீரும் மாப்பொருளும் நிறைந்தவை. வெயிலில் குழி விழுந்ததற்குக் காரணம் உள்ளே இருந்த தண்ணீர் போனதுதான்.

இனி முக்கியமான சங்கதி. வேம்பு ஒவ்வொரு வருடமும் புது மரம் சேர்த்துத் தன்னைப் பலப்படுத்தும். பனைக்கு அந்த வசதி இல்லை. வடலியாக, அதாவது இளம் பனையாக, நிலத்தோடு நிற்கும் பல வருடமும் அது சும்மா நிற்பதில்லை. அடியை முழுப் பருமனுக்கு அகட்டிக் கொள்கிறது. அதன் பிறகுதான் மேலே எழும்பும், எழும்பும்போது கிட்டத்தட்ட அதே பருமன். உயரம் 60 அடி, 80 அடி என்று கூடும், அடி பருக்காது. பிறகு எப்படித் தாங்குகிறது? இருக்கிற நாரையே தடிப்பாக்குகிறது. பனந்தண்டின் நார்க்கலங்களும் சோற்றுக் கலங்களும் வேப்பம் வைரத்தைப் போலச் செத்துப் போவதில்லை, மரம் இருக்குமட்டும் உயிரோடு இருக்கும். நார்க்கலத்தின் சுவர் உட்பக்கமாகப் படை படையாகத் தடித்துக் கொண்டே போகும், சுவரை விறைப்பாக்கும் இலிக்கினின் ஏறும். ஓரத்திலும் அடியிலும் இது மிக அதிகம், நடுவிலும் நுனியிலும் குறைவு.

அப்பாவின் சிலாகை உளுத்ததற்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. 1996இல் கையில் கிடைத்த இளம் பனையைப் பிளந்திருப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் கிழட்டுப் பனைக்கும் இளம் பனைக்கும் பருமனில் வித்தியாசம் தெரியாது. நார் முற்றவில்லை, சோறு நிறைய மாப்பொருள். உளுவண்டு தேடிவருவது அந்த மாப்பொருளைத்தான்.

குழாய்க்கணக்கு எழுதியது:

வாத்தியார் பலத்தைச் சொன்னார், நான் கணக்கைச் சொல்கிறேன். அக்கா கணக்குக்காரி என்றபடியால் பிடிக்கும்.

ஒரு கம்பம் காற்றில் வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நெரிபடும். இரண்டும் மிக அதிகமாக இருப்பது வெளி ஓரத்தில். நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஒரே சாமானால் செய்த உருளை ஒன்றை எடுத்து, அதன் விட்டத்தில் பாதி அளவுக்கு நடுவைக் கோதி எடுத்துவிட்டால் பாரம் நான்கில் ஒரு பங்கு குறையும். வளையாமல் நிற்கும் விறைப்போ 16இல் ஒரு பங்குதான் குறையும். சைக்கிள் பாரைக் குழாயில் செய்வது இதற்காகத்தான். பனை நடுவைக் கோதவில்லை, மலிவான சாமானால் நிரப்பிவிட்டு, விலை கூடின நாரை ஓரத்துக்கு அனுப்பியிருக்கிறது. அந்தச் சோறும் வீண் இல்லை. வெறும் குழாய் என்றால் வளையும்போது சப்பளிந்து முறியும், உள்ளே நிரப்பு இருந்தால் அப்படி முறிவது குறைவு.

எங்கள் ஆட்கள் இதைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பனையை நெடுக்காகப் பிளந்து, சோற்றைக் கோதி எறிந்துவிட்டுத்தானே பீலி செய்தார்கள்? கூரைத் தண்ணீர் பல மாரி ஓடியும் அந்தப் பீலி அசையாது. ஐயா காலத்தில் கிணற்றில் தண்ணீர் இறைத்த துலாவும் பனைதான், மேலே ஒரு ஆள் நடந்து மிதிக்கிற பாரத்தைத் தாங்கியது.

உளியும் வாளும் எழுதியது:

தங்கச்சி, நாங்கள் மூன்று தலைமுறைத் தச்சுவேலை. "அது அப்பிடித்தான்" என்று சொன்ன தச்சரில் கோவிக்க வேண்டாம், கூரையில் நிற்கிறவனுக்கு விளக்கம் சொல்ல நேரம் இல்லை.

உங்கள் பனை எவ்வளவு உயரம், எவ்வளவு வயது என்று சொல்லவில்லை. கறுப்பு வளையம் அடியில் மூன்று விரல் என்றால் நல்ல முற்றல்தான். ஆனால் அதே பனையில் மேலே போய் வெட்டிப் பாருங்கள், வளையம் ஒடுங்கிக் கொண்டே போகும். கூரைக் கைமரத்துக்கு அடிப்பக்கம் மட்டும் எடுங்கள். நுனியைச் சிலாகை என்று யார் விற்றாலும் வாங்க வேண்டாம். பெண்பனைதான் நல்ல வைரம் என்று எங்கள் அப்பு சொல்லுவார். ஆண்பனையைப் பின்வளவில் கொட்டில் போட மட்டும் எடுப்பார்.

பிளந்த பிறகு சோற்றை மிச்சம் விடக்கூடாது. ஒரு நூல் அளவு விட்டாலும் உளு அங்கேதான் குடியேறும். அப்பு பிளந்த மரத்தைக் கடற்கரைச் சேற்றில் மாதக்கணக்கில் தாட்டு வைப்பார். வெளியே எடுக்கிற அன்று நாற்றம் தாங்க ஏலாது, வீட்டுக்குள் யாரும் சேர்க்க மாட்டார்கள். (வாத்தியார் ஐயா சொன்ன மாப்பொருள் ஊறிப் புளித்துப் போகிற நாற்றம்தான் அது என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.) நிழலில் காயவிட்டுப் போட்டால் பேரப்பிள்ளைக்கும் நிற்கும்.

ஆணியை நேரே அடிக்கக் கூடாது. முதலில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் நார் வழியே வெடித்துக்கொண்டு போகும். கை கவனம், பனஞ்சிராம்பு ஏறினால் அதை எடுப்பது லேசு இல்லை. இன்னொன்று, யாழ்ப்பாணத்துப் பனையை மில்லுக்குக் கொடுக்க முதல் பட்டையைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். யுத்தகாலத்துச் செல் (எறிகணை) துண்டு ஏறின மரம் இன்னும் இருக்கிறது. எங்களிடம் ஒருமுறை வாளில் நாலு பல் போனது.

நாற்சார்வீட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வட்டத் துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வாத்தியார் ஐயா சொன்ன தொப்பி தெரிகிறது. ஓரத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குள் எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன், கண் கட்டியது. நடுவில் அதே அளவில் விரல்விட்டு எண்ணலாம்.

செல் என்றதும் இன்னொரு கேள்வி வந்தது. 1996இல் திரும்பி வந்தபோது எங்கள் பின்வளவில் தலை இல்லாத பனைகள் நாலைந்து நின்றன. நான் சின்னப்பிள்ளை. வேலிப்பூவரசை எவ்வளவு வெட்டினாலும் தழைக்கிறதே, இதுவும் தழைக்கும் என்று தினமும் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் தழைக்கவில்லை. ஒன்று மட்டும் நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கும் வரை நின்றது. மேலே பொந்துக்குள் கிளி இருந்தது. செத்த மரம் அவ்வளவு காலம் எப்படி நின்றது?

பழைய பயோ வாத்தியார் எழுதியது:

பூவரசுக்குத் தண்டெங்கும் அரும்பு, ஒன்று போனால் இன்னொன்று. பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. இலை, பாளை, புதுத்தண்டு எல்லாம் அங்கிருந்துதான். அது போனால் கீழே 60 அடித் தண்டு முழுச் சுகத்தோடு இருந்தாலும் பயன் இல்லை. வேரிலும் தண்டிலும் உள்ள சேமிப்பில் கொஞ்சக் காலம் உயிர் இருக்கும், அவ்வளவுதான். தென்னையில் குருத்தை வண்டு தின்றால் மரம் போவதும் இதனால்தான்.

செத்த பிறகு மழைத்தண்ணீர் மேலிருந்து இறங்கும். சோறு முதலில் அழுகும், கறுப்பு ஓடு நிற்கும். உங்கள் மரம் உண்மையான குழாயாகிவிட்டது. கிளிக்கு அதைவிட வீடு வேறு என்ன வேண்டும்?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

குறுக்கிடுகிறேன். இதை ஏற்கெனவே தமிழில் எழுதி வைத்துவிட்டார்கள். தொல்காப்பியம் மரபியலில் புறத்தே காழ் உள்ளதைப் புல் என்றும், அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல், வேம்பு மரம். வாத்தியார் ஐயா வகுப்பில் படிப்பித்த 'காழ்' அதே சொல்தான். அக்கா, உங்கள் வீட்டுக்குக் கூரை புல்லால்தான் போட்டிருக்கிறது.

பழைய பயோ வாத்தியார் எழுதியது:

தாவரவியல்படி பனை புற்குடும்பம் இல்லை, தனிக்குடும்பம். ஆனால் மூங்கில், நெல், பனை எல்லாம் ஒருவித்திலை. ஆகவே அந்தப் பிரிப்பு பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் பிரித்திருக்கிறார்கள்.

நாற்சார்வீட்டுக்காரி எழுதியது:

நேற்றுத் தாழ்வாரத்தை முழுக்கக் கழற்றியாயிற்று. அம்மம்மா காலத்துச் சிலாகை 14இல் 11 பழுதில்லாமல் இருக்கிறது. மூன்றில் மட்டும் சுவருக்குள் இருந்த நுனியைக் கறையான் தின்றிருக்கிறது, அதை வெட்டிவிட்டுக் கட்டைச் சிலாகையாகப் பின்பக்கத்துக்குப் போடலாம் என்று தச்சர் சொன்னார். அப்பா போட்டது எல்லாம் அடுப்புக்கு. அம்மா அதில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறா, ஏன் என்று நான் கேட்கவில்லை.

தறித்த பனையில் அடி 16 அடி மட்டும் பிளக்கக் கொடுத்தேன். பட்டையில் ஓர் இடத்தில் சின்ன ஓட்டை, உள்ளே துரு. மில்லில் முதலே சொல்லிவிட்டேன், அந்தத் துண்டை விலக்கித்தான் அரிந்தார்கள். உளியும் வாளும் அண்ணைக்கு அதற்காகவே ஒரு தேத்தண்ணி கடன். சேற்றில் தாழ்ப்பதற்கு இடம்தான் தேடுகிறேன். அராலிப் பக்கம் தெரிந்த ஒருவரின் காணி கடலோடு முடிகிறது. கேட்டிருக்கிறேன். நாற்றத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.