ஓடிக்கொண்டிருக்கும் இசட்ஓடிபியில் கிளாஸை மாற்றுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஒரு நூலகத்துக்கான பைத்தான் அப்ளிகேஷன், தரவு முழுக்க இசட்ஓடிபியில் (பைத்தான் ஆப்ஜெக்ட்களை அப்படியே சேமிக்கும் தரவுத்தளம்). நூல் கிளாஸில் 'ஆசிரியர்' என்று ஒரே ஒரு ஸ்ட்ரிங்தான் இருந்தது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிய நூல்களுக்காக அதை 'ஆசிரியர்கள்' என்று லிஸ்டாக மாற்ற வேண்டும். சுமார் 2 லட்சம் நூல்கள், ஒரு சீயோ சர்வர் (ஒரே இசட்ஓடிபியைப் பல புரோகிராம்களுக்குப் பகிர்வது), அதில் இணையும் 3 கிளையண்ட். காலை முதல் இரவு வரை யாராவது புத்தகம் எடுத்துக்கொண்டே இருப்பதால் நிறுத்த வழியில்லை. கிளாஸிலேயே காலி லிஸ்ட் ஒன்றை டீஃபால்ட்டாக வைத்தேன். பழைய நூல்கள் ஒழுங்காகத் திறந்தன, ஆனால் ஒரு நூலில் சேர்த்த பெயர் எல்லா நூலிலும் தெரிகிறது! ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகிறது. எஸ்கியூஎல்லில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை மாதிரி எதுவும் இதில் கிடையாதா?

பதில் 1:
கிடையாது. இசட்ஓடிபி சேமிப்பது அந்தந்த ஆப்ஜெக்ட்டின் மதிப்புகளையும் கிளாஸின் பெயரையும்தான், கிளாஸ் உங்கள் கோடில் இருக்கிறது. நீங்கள் வைத்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம், அதனால் எல்லா நூலும் அதையே பார்க்கிறது, டிஸ்கில் எதுவும் எழுதப்படவும் இல்லை. லிஸ்டுக்குப் பதில், உருவாக்கிய பின் மாற்ற முடியாத டியூப்பிள் வையுங்கள். ஆப்ஜெக்ட் லோட் ஆகும்போது ஓடும் செட்ஸ்டேட் மெத்தடில், புதிய புலம் இல்லாவிட்டால் பழையதிலிருந்து உருவாக்குங்கள். இது நினைவகத்தில் மட்டும்தான் நடக்கும், அந்த நூலை அடுத்து யாராவது மாற்றும்போதுதான் டிஸ்குக்குப் போகும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. பழைய புலத்தை மட்டும் உடனே அழித்துவிடாதீர்கள். புது கோடு ஏறிய கிளையண்ட் ஒரு நூலைச் சேமித்து, அதைப் பழைய கோடு உள்ள கிளையண்ட் திறந்தால் 'ஆசிரியர்' இல்லை என்று விழும். மூன்றிலும் புது கோடு ஏறும் வரை இரண்டு புலமும் இருக்கட்டும், அதுவரை யாரும் ஆசிரியர் பெயரைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், புத்தகம் கொடுப்பது பாட்டுக்கு நடக்கட்டும்.

அப்புறம் மொத்தத்தையும் எழுதும் ஸ்கிரிப்ட். நான் முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போட்டேன், நடுவில் யாரோ ஒரு பதிவை மாற்ற, கடைசி கமிட்டில் கான்ஃப்ளிக்ட் எரர் வந்து அத்தனையும் வீண். நூல்களை வைத்திருக்கும் பிட்ரீயின் (டிக்‌ஷனரி போன்ற இசட்ஓடிபி அமைப்பு) கீகளை முதலில் தனி லிஸ்டாக எடுத்துக்கொண்டு 500, 500 ஆகக் கமிட் செய்யுங்கள், மோதினால் அந்த 500-ஐ மட்டும் திரும்ப ஓட்டினால் போதும். ஒவ்வொரு நூலையும் லோட் செய்து, பி சேஞ்ச்ட் (ஆப்ஜெக்ட் மாறியது என்று குறிக்கும் புலம்) ட்ரூ என்று வைக்க மறக்காதீர்கள், செட்ஸ்டேட்டில் செய்த மாற்றம் தானாகக் கணக்கில் வராது. ஃபைல்ஸ்டோரேஜ் (தரவை ஒரே கோப்பில் எழுதும் முறை) என்றால் பழைய பதிப்புகளும் கோப்பிலேயே இருக்கும், அந்த டேட்டா.எஃப்எஸ் கோப்பு நன்றாக வீங்கும். டிஸ்கில் இடம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், எல்லாம் சரி என்று உறுதியான பிறகு பேக் செய்து பழைய பதிப்புகளை நீக்குங்கள். முதலில் ஒரு நகலின் மேல் மாற்றங்களைத் தனியாக வைத்துக்கொள்ளும் டெமோஸ்டோரேஜ் வைத்து ஓட்டிப் பாருங்கள், அடியில் இருப்பதை அது தொடாது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. டெமோஸ்டோரேஜில் ஓட்டியபோதே ஒன்று சிக்கியது: ஆசிரியர் பெயர் காலியாக இருந்த நூல்களில் காலி ஸ்ட்ரிங் ஒன்றை வைத்த டியூப்பிள் உருவாகி, திரையில் 'ஆசிரியர்:' என்று வெறுமனே நின்றது. பெயர் இல்லாவிட்டால் டியூப்பிளையும் காலியாக விடும்படி மாற்றிவிட்டேன். இன்று இரவு மூன்று கிளையண்டிலும் புது கோடு ஏற்றுகிறேன், ஸ்கிரிப்ட் நாளைக்கு.